ஈழத்துப் பொப் பாடல்கள்: சிரிப்பு வந்த வழியும் அழுகை வராத கதையும்

இந்த ஊரின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனவர் யார் என்று உரும்பிராய்ச் சந்தியில் நின்று கேட்டால், பொன். சிவகுமாரனின் பெயரைத்தான் சொல்வார்கள். 1974 ஜூன் 5 ஆம் திகதி சயனைட் அருந்தி இறந்த அந்த இளைஞனுக்கு ஊரில் சிலை இருக்கிறது. அது உடைக்கப்பட்டதும் மீண்டும் எழுந்ததும் தனிக்கதை. அதே காலப்பகுதியில் இதே ஊரிலிருந்து இன்னொரு பெயரும் வெளியே போனது. அது நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்ற இரண்டு பாடல்களைத் தெரியாத ஈழத்துத் தமிழர் இல்லை. ஆனால் பாடியவர் உரும்பிராயார் என்பது உரும்பிராயில் படிக்கும் என் மாணவர்களுக்கே தெரியாது. நான் சொன்னபோது ஒரு பிள்ளை, "சேர், அது படப் பாட்டில்லையா?" என்று கேட்டது.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்ற கேள்வி எழலாம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் என்னோடு பயிற்சி பெற்ற நண்பர் ஒருவரே இதற்குக் காரணம். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்குப் பத்து வயது. வளர்ந்தது புத்தளத்தில். எங்கள் விடுதியில் இரவில் யாராவது மேசையில் தாளம் போட்டு 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாடத் தொடங்கினால், அவர்தான் எல்லாரையும்விட உரத்துப் பாடுவார். "மச்சான், மார்க்கப்படி பார்த்தால் இந்தப் பாட்டை நான்தான் பாட வேணும், நீங்கள் ஒருத்தரும் பாடக்கூடாது" என்பார். பகிடியாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்தப் பாடலின் முழு விந்தையும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

பாட்டு என்ன சொல்கிறது? குடிக்கப் போகாதே என்று கெஞ்சுகிறது. மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்று எழுதப்பட்ட எத்தனையோ பாடல்களை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இது மட்டும் நிலைத்தது; அதுவும் குடிப்பவர்களின் வாயில் நிலைத்தது. கலியாண வீட்டின் பின்வளவில் போத்தல் திறந்த பிறகுதான் பெரும்பாலும் இந்தப் பாட்டுப் பிறக்கும். உபதேசத்தின் சொற்களையும் கொண்டாட்டத்தின் தாளத்தையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் தாளம்தான் வெல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. எங்கள் இலக்கிய விமர்சனத்தில் உள்ளடக்கம், உருவம் என்று ஆண்டுக்கணக்காகச் சண்டை பிடித்தவர்கள் ஒரு தவறணை வாசலில் அரை மணித்தியாலம் நின்றிருந்தால் விடயம் தெளிந்திருக்கும்.

ஆயினும் பாடலின் சொற்கள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்தில் கள்ளு என்பது பனையோடும், பனையேறும் மனிதரோடும், அவர்களைத் தாழ்த்தி வைத்த சமூகத்தோடும் பிணைந்தது. இரவில் தவறணைக்குப் போகிறவர் பகலில் அதைப்பற்றிப் பேசமாட்டார். தேவாரமும் தியாகராஜரும் மட்டுமே பாட்டு என்று கருதப்பட்ட ஓர் ஊரில், ஒருவர் கிற்றாரோடு மேடையேறிக் கள்ளுக்கடை என்ற சொல்லைப் பாட்டின் முதற் சொல்லாக வைத்தார். அது சிறிய காரியமல்ல. 'சின்ன மாமியே'யும் அப்படியே. மாமியிடம் மகளைப்பற்றி விசாரிக்கும் குறும்பு, மச்சாள் முறை உள்ள சமூகத்தில்தான் பிறக்கும், அங்குதான் விளங்கும். கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களின் கவிகளில் மச்சானும் மச்சியும் மாமியும் நடமாடும் அதே முற்றம்தான் இது. அதனால்தான் உரும்பிராய்ப் பாட்டு அக்கரைப்பற்றுக் கலியாண வீட்டிலும் அந்நியமாக ஒலிப்பதில்லை.

இசை எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் மையம். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இதை 'வெள்ளைக்காரன் பாட்டு' என்றார்கள். சிலர் 'பறங்கிக் கூத்து' என்றார்கள். எங்கள் பாடசாலை ஒன்றில் கலைவிழாவுக்கு இந்தப் பாடலைச் சேர்க்கலாமா என்று நான் கேட்டபோது, "பைலாவுக்கு இது இடமில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. நான் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும். ஏனெனில் இந்த இசையில் வெள்ளைக்காரனின் பங்கு கிற்றார் என்ற மரப்பெட்டியோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. உள்ளே ஓடும் இரத்தம் ஆபிரிக்க இரத்தம்.

பைலா என்ற சொல் 'ஆடு' என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் படைக்கும் கூலிக்குமாக ஆபிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய ஆட்டமும் பாட்டும் கஃப்ரிஞ்ஞா எனப்பட்டது. கஃப்ரிஞ்ஞாவும் பறங்கியரின் விருந்துப் பாட்டும் சேர்ந்த கலவையிலிருந்தே இன்றைய பைலா உருவானது. 1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அதற்கு மேடை வடிவம் கொடுத்தார். அந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். 'மாஞ்ஞா' என்ற அவர்களுடைய பாடல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை; பாடுகிறவர்களுக்கே பல சொற்களின் பொருள் மறந்துபோய்விட்டது. போத்தலும் கரண்டியும் தேங்காய்ச் சிரட்டையும் றபானும் வாத்தியங்கள். மெல்லத் தொடங்கி, வேகம் ஏறி, ஆடுகிறவர் களைக்கும்வரை போகும்.

அவர்களுக்கு வந்த பெயரைப் பாருங்கள். அரபு வணிகர்கள் கிழக்காபிரிக்கக் கரையில் இஸ்லாத்தில் சேராதவர்களைக் காஃபிர் என்றார்கள். அதைப் போர்த்துக்கேயர் 'கஃப்ரே' ஆக்கினார்கள். இலங்கைக்கு வந்து 'கஃபீர்' ஆனது. தமிழில் 'காப்பிரி' என்றும் யாழ்ப்பாணத்தில் 'காப்பிலி' என்றும் ஆனது. சுருட்டை முடியுள்ள பிள்ளையை 'காப்பிலி' என்று பகிடி பண்ணும் எங்களில் எவருக்கும் அதன் ஊர் எதுவென்று தெரியாது. தென்னாபிரிக்காவில் அது கொடிய வசை. சிரம்பியடியார் அதைக் கூச்சமின்றித் தங்கள் பெயராகச் சொல்கிறார்கள்.

என் நண்பர் புத்தளத்தில் அகதியாக வளர்ந்த காலத்தில் இந்த மாஞ்ஞாவை ஒரு தடவை கேட்டிருக்கிறார். "யாழ்ப்பாணத்தில் கேட்ட பாட்டு மாதிரி இருந்தது, ஆனா ஒரு சொல்லும் விளங்கேல்ல. எங்கட வாப்பா, இதுகளும் ஒருகாலம் எங்கயோ இருந்து கொண்டுவந்து விடப்பட்ட சனம்தான் எண்டு சொன்னார்" என்றார். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

பைலாவின் தாளம் ஆறு எட்டு. எங்கள் கணக்கில் சொன்னால் திஸ்ர நடைக்கு உறவு. கும்மியும் பல தொழிற் பாடல்களும் அந்த நடையில் வருவன. எனவே தமிழ்க் காதுக்கு அது புதிய விருந்தாளியாக இல்லை. முன்பே வந்துபோன உறவினர் வேறு உடுப்போடு வந்ததுபோல இருந்தது. இதனோடு 1950களில் இன்னொரு அலையும் சேர்ந்தது. ஹரி பெலஃபொன்ரேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு 1956 இல் வெளியாகி உலகெங்கும் ஓடியது. கொழும்பில் கிற்றாரும் பொங்கோவும் கொண்ட கலிப்ஸோ குழுக்கள் முளைத்தன. நொயெல் ரணசிங்கவின் 'லா சிலோனியன்ஸ்' அவற்றில் ஒன்று. பின்னர் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழு சிங்களப் பாடலின் போக்கையே மாற்றியது. கலிப்ஸோ ரினிடாட் தீவில் அடிமைகளின் பரம்பரை வளர்த்த பாட்டு. ஆக, ஆபிரிக்கா எங்களிடம் இரண்டு பாதையால் வந்தது: ஒன்று போர்த்துக்கேயக் கப்பலில் நேரே வந்தது, மற்றது கரீபியனைச் சுற்றிக்கொண்டு வந்தது.

தமிழில் இந்த அலையை ஏற்றவர்கள் பலர். திருகோணமலையின் பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் இசைத்தட்டுக் கண்ட முன்னோடிகள். ஸ்ரான்லி சிவானந்தன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை போன்றோரும் மேடைகளில் நின்றார்கள். கடல் கடந்து போனவர் ஏ.ஈ. மனோகரன். அவர் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகத் திரைப்படத்தில், இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் ஒலித்தது. 'சிலோன் மனோகர்' என்ற பெயரோடு அவர் தமிழகத்தில் நடிகராகவும் நிலைத்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

மனோகரனைப்பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைவிடப் பெரிய மரியாதையும் உண்டு. 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் மாறிமாறி வரும் பாட்டு. மீன் கொண்டுவரும் ஒருவன் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான் கதை. ஆனால் இலங்கையில் 1970களில் இரு மொழியை ஒரே மூச்சில் பாடுவது வெறும் பகிடியாக இருக்க முடியாது. மொழிக்காகத் தலைகள் உடைந்த நாடு இது. கடற்கரையில் மீன் விற்கும் இடத்தில் இரு மொழியும் இயல்பாகக் கலந்திருந்தன. பாட்டு அந்தக் கடற்கரையை ஞாபகப்படுத்தியது. தமிழகத்துக்குப் போனபோது சிங்களச் சொற்கள் பொருளற்ற ஓசையாகின. பாட்டு வெறும் துள்ளலானது. 1983 க்குப் பிறகு இங்கேயும் அது ஓசையாகத்தான் மிஞ்சியது. இதில் பாடகரின் குற்றம் எதுவுமில்லை. ஆனால் கிடைத்த புகழை வைத்துக்கொண்டு அவர் இன்னும் ஒரு அடி ஆழமாக இறங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மொழிகளுக்கிடையில் நடந்து களைத்த இன்னொரு பாடகரையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்த மொஹிதீன் பேக், சிங்கள பௌத்த பக்திப் பாடல்களின் குரலாகவே மாறினார். வெசாக் பந்தல்களில் அந்த முஸ்லிமின் குரல் இன்றும் ஒலிக்கிறது. அவர் 1991 இல் காலமானார். அவரைப்பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டியவர்கள் இச்சஞ்சிகையின் வாசகர்கள்தான்.

விடயத்துக்கு வருகிறேன். ஆபிரிக்கா மூன்றாவது பாதையாலும் உலகைச் சென்றடைந்தது; அந்தப் பாதை எங்களிடம் வந்து சேரவில்லை. அதன் பெயர் புளூஸ். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டங்களிலும் அணைக்கட்டு வேலைத்தளங்களிலும் பிறந்த பாட்டு அது. ஓர் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வது அதன் பழகிய வடிவம். எங்கள் சுரக் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் குரல் நின்று நடுங்கும். அந்த நடுக்கம்தான் புளூஸ்.

அந்த நடுக்கத்தின் ஊர் எது? சில்வியான் டியூஃப் என்ற வரலாற்றாசிரியர், அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்க முஸ்லிம் அடிமைகளைப்பற்றி 1998 இல் ஒரு நூல் எழுதினார். செனகல், காம்பியா, மாலிப் பகுதிகளிலிருந்து பிடிக்கப்பட்டவர்களில் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்களும் அரபு எழுதத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். தோட்டங்களில் பறை முழக்குவது பல இடங்களில் தடுக்கப்பட்டது. நரம்பு வாத்தியமும் குரலும் தப்பின. வேலைத்தளத்தில் தனியாள் ஒருவன் குரலை நீட்டி, வளைத்து, உடைத்துப் பாடும் கூவலையும் பாங்கொலியையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து அவர் ஒற்றுமை காட்டினார். புளூஸ் முழுவதும் பாங்கிலிருந்து பிறந்தது என்று கொண்டுவிடக் கூடாது. அப்படிச் சொல்வது பெருமை பேசுவதாகிவிடும். ஆனால் அந்த ஒற்றுமையைக் கேட்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மாலி நாட்டின் நியாஃபுங்கேயைச் சேர்ந்த அலி ஃபர்க்கா தூரே, அமெரிக்கப் புளூஸ் பாடகர் ஜோன் லீ ஹூக்கரை முதலில் கேட்டபோது, இது எங்கள் நாட்டு இசை என்றே எண்ணினார். தூரே தொழுகையாளி, விவசாயி, பின்னாளில் தன் ஊரின் மேயர். 1994 இல் ரை கூடரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. 2006 இல் இறந்தார்.

அவருக்கு வடக்கே, சஹாராவில், தினாரிவென் என்ற குழு. இந்தக் குழுவின் கதையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பு அல்ல, ஒருவகைக் கூச்சம். குழுவின் நிறுவுநர் இப்ராஹீம் அக் அல்ஹபீப் துவாரெக் இனத்தவர். 1963 இல் மாலி அரசுக்கெதிரான கிளர்ச்சியில் அவருடைய தகப்பனார் கொல்லப்பட்டதை நான்கு வயதில் கண்டவர். அல்ஜீரியாவின் அகதி வாழ்வில், ஒரு தகரப் பேணி, ஒரு தடி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றால் முதற் கிற்றாரைச் செய்தார். 1979 அளவில் தமன்ராசெத்தில் நண்பர்களோடு பாடத் தொடங்கினார். 1980களில் லிபியாவில் கடாபியின் பயிற்சி முகாம்களுக்குப் போனார்கள். துவக்கும் கிற்றாரும் ஒரே தோளில் தொங்கின. பாடல்கள் கசற்றில் பதிவாகிக் கைமாறிக் கைமாறிப் பாலைவனம் முழுவதும் போயின. 1990 இல் கிளர்ச்சி. 1991 ஜனவரியில் ஓர் உடன்படிக்கை. அதன்பின் அவர்கள் துவக்கை வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2001 இல் முதல் உலகளாவிய இசைத்தொகுப்பு. 2012 இல் 'தஸ்ஸிலி' தொகுப்புக்குக் கிராமி விருது.

தகப்பன் கொலை, அகதி முகாம், அயல்நாட்டில் பயிற்சி, இயக்கக் கசற்: இந்தப் பட்டியலில் எங்களுக்குத் தெரியாதது எது? 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து கம்பியிழுத்து றேடியோவும் கசற்றும் கேட்டோம். மிதிப்பது சிறுவர்களின் வேலை. நான் மிதித்திருக்கிறேன். கால் சோர்ந்தால் பாடகரின் குரல் இழுபட்டு, தடித்து, கிழவரின் குரலாகிவிடும். "உதை, உதை" என்று சித்தப்பா சத்தம்போடுவார். சஹாராவில் ஒருவன் சைக்கிளின் பிரேக் கம்பியிலிருந்து பாட்டை உண்டாக்கினான். நாங்கள் சைக்கிளின் டைனமோவிலிருந்து பாட்டைக் கேட்டோம். உண்டாக்கவில்லை. என் கூச்சம் இதுதான்.

இயக்கப் பாடல்கள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. அவற்றின் இசைத்தரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2017 இல் மறைந்த எஸ்.ஜி. சாந்தனின் குரலில் இருந்த கம்பீரத்தை எதிரணியில் நின்றவரும் மறுக்கமாட்டார். ஆனால் அப்பாடல்கள் திரையிசையின் வாத்தியக் கட்டோடு, 'நாங்கள்' என்ற ஒரே எழுவாயில் பேசின. இறந்தவன் உடனே வீரனாகிவிடுவான். தாயின் அழுகை அடுத்த அடியில் சபதமாகிவிடும். அழுகைக்கு அழுகையாக இருக்க அனுமதி இல்லை. தினாரிவென்னின் தொடக்ககாலப் பாடல்களும் போருக்கு அழைத்தவைதான். ஆனால் அவற்றின் அடியில் 'அஸூஃப்' என்று தமாஷெக் மொழியில் சொல்லப்படும் ஓர் உணர்வு ஓடியது: தனிமை, ஏக்கம், இழந்த நிலத்தின் நினைவு எல்லாம் ஒன்றாய்க் குழைந்தது. நெய்தலின் இரங்கலையும் பாலையின் பிரிவையும் இலக்கணமாகவே எழுதிவைத்த மொழிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துவக்கு மௌனமானபின் அந்த உணர்வு மட்டும் மிஞ்சிப் பாட்டாக நீடித்தது.

எங்கள் பொப் இசை இதற்கு நேரெதிர். அது 'நான்' என்று பேசியது. தவறணை, மாமி வீட்டுப் படலை, மீன் சந்தை என்று சிறிய இடங்களில் நின்றது. இது அதன் பலம். தனியாள் ஒருவன் கிற்றாரோடு நின்று தன் கதையைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்லலாம் என்ற கதவை நித்தி கனகரத்தினம் திறந்துவைத்தார். ஆனால் அந்தக் கதவால் சிரிப்பு மட்டுமே வெளியே வந்தது. கஃப்ரிஞ்ஞாவின் தாளத்தை எடுத்தோம். அதை ஆடியவனின் நாடிழந்த கதையை எடுக்கவில்லை. கலிப்ஸோவின் துள்ளலை எடுத்தோம். ரினிடாட்டில் அது அரசாங்கத்தையும் எசமானையும் நக்கலடித்த பாட்டு என்பதை விட்டுவிட்டோம். 1983 வந்தபோது, 1990 வந்தபோது, கிற்றார்க்காரர்கள் பலர் அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்தார்கள். நித்தியும் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். புலம்பெயர் மண்டபங்களில் அதே இரண்டு பாடல்களையே மீண்டும் மீண்டும் பாடக் கேட்டார்கள். சபை கேட்டதைப் பாடகர் கொடுத்தார். ஏக்கத்தில்தான் சபை கேட்டது; ஆனால் ஏக்கத்தைக் கேட்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்குப் பதினைந்து வயது. மழையில் செம்மணி வெளியில் நின்றபோது எங்களில் எவரும் அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே திகதியில் சோனகத் தெருவார் நடந்ததை நினைக்கவில்லை. நான் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்து விடுதியில் நண்பர்தான் திகதியைச் சொன்னார். இரண்டு நடைகளுக்கும் கவிதைகள் உண்டு. நல்ல கதைகளும் உண்டு. ஒரு தனிக் குரலும் ஒரு கிற்றாரும் சேர்ந்த பாட்டு எந்தக் கலியாண வீட்டிலும் என் காதில் விழவில்லை.

இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதம் இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை. ஆனால் மாலியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 2012 இல் வடமாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையைத் தடை செய்தன. அவற்றில் ஒன்றான அன்சார் தீனின் தலைவர் இயாத் அக் காலி, தொடக்க காலத்தில் தினாரிவென்னின் நண்பராகவும் ஆதரவாளராகவும் இருந்தவர். 2013 தொடக்கத்தில், குழுவின் உறுப்பினர் ஒருவர் கிற்றார்களைக் காப்பாற்றப் போனபோது பிடிபட்டார், பின்னர் விடுவிக்கப்பட்டார். பாடுகிறவரும் தொழுகையாளி, பிடித்தவரும் தொழுகையாளி. தாயிராவைத் தட்டிக்கொண்டு வீடு வீடாக வந்த பக்கீர் பாவாக்களையும் நாகூர் ஹனீபாவின் குரலையும் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இதை எந்தப் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்திலும் தடை இருந்தது. 'இது போர்க்காலம், பைலாவுக்கு நேரமில்லை' என்ற தடை. எவரும் அதை எழுதி ஒட்டவில்லை.

சித்தப்பாவின் கசற் ஒன்று என்னிடம் இருக்கிறது. எண்பதுகளில் யாழ்ப்பாணப் பட்டணத்து ரெக்கோர்டிங் பார் ஒன்றில் பதிவு செய்தது. உறையில் அவருடைய கையெழுத்தில் 'பொப் - நித்தி, மனோகரன்' என்றிருக்கிறது. தடைக்காலத்தில் புதுக் கசற் கிடைக்காது. அதனால் விளிம்பில் உடைத்திருந்த துளைக்குக் கடதாசி அடைத்து, அதன்மேல் இயக்கப் பாடல்களைப் பதிந்துவிட்டார்கள். ஒரு பக்கம் முழுவதும் முழக்கம். கடைசியில் முழக்கம் நின்று, ஒரு 'டக்' சத்தம் கேட்டு, பழைய பதிவின் அடி மிஞ்சியிருக்கிறது: 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டின் முடிவுப் பகுதி, அரை நிமிடத்துக்கும் குறைவு. போன வருடம் நண்பர் புத்தளத்திலிருந்து வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். சோனகத் தெருவில் தகப்பனின் காணியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த அரை நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், "திருப்பிப் போடு மச்சான்" என்றார். நாடாவைப் பேனையால் சுற்றித்தான் பின்னால் கொண்டுவர வேண்டும். யந்திரத்தின் அந்தப் பொத்தான் பழுது. சுற்றினேன்.